ரப்பர் பாலில் இயற்பியல் எங்கே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு மாணவி. வீடு குமரி மாவட்டத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. திடநிலை இயற்பியல் தாளில் படிகம், லாட்டிஸ், எக்ஸ்ரே விளிம்பு விளைவு எல்லாம் படித்தோம். சமீபத்தில் ஒரு சிறப்புரையில்தான் ‘சாஃப்ட் மேட்டர்’ என்ற துறையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பற்பசை, சோப்பு நுரை, ஜெல்லி, ரப்பர் என்று பேராசிரியர் அடுக்கிக்கொண்டே போனார். இதெல்லாம் வேதியியல்காரர்களின் வேலை இல்லையா? இதில் இயற்பியல் எங்கே இருக்கிறது? எம்.எஸ்சி.க்குப் பிறகு இதில் போகலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். பற்பசையை விட்டுவிடுவோம்.

சிரட்டையில் வடியும் பால், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் கூட்டம். பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. எடையில் மூன்றில் ஒரு பங்கு ரப்பர் என்றால் எவ்வளவு நெருக்கடி என்று பாருங்கள். இருந்தும் அவை ஒட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொரு துகளையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை இருக்கிறது. எல்லா உறைகளிலும் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஃபார்மிக் ஆசிட் விட்டதும் அந்த மின்னூட்டம் தணிகிறது, நெருங்கும் துகள்களை ஒன்றோடொன்று இழுக்கும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பின் கை ஓங்குகிறது, தட்டில் பால் உறைகிறது. உறையாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் அமோனியா சேர்க்கிறார்கள். உறைந்த பாலை ரப்பர் ஷீட்டாக அடிப்பவர்கள் தினமும் செய்வது மின்னிலையியல்தான்.

அடுத்து, வேதியியல் பற்றிய உங்கள் சந்தேகம். 1991இல் இயற்பியல் நோபல் பெற்ற பியர்-ஜில் டி ஜென், தன் நோபல் உரைக்கு வைத்த தலைப்பே ‘சாஃப்ட் மேட்டர்’. அதில் அமேசான் பழங்குடிகளின் காலணியைப் பற்றிச் சொல்கிறார். ரப்பர் பாலைக் காலில் பூசிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் அது காலணியாகிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை அங்கங்கே முடிச்சுப் போடுகிறது. ஆனால் அதே ஆக்சிஜன் சங்கிலிகளை வெட்டவும் செய்யும் என்பதால் காலணி சீக்கிரமே பிய்ந்துவிடும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கந்தகத்தால் போட்ட முடிச்சு நிலைத்தது. அதிலும் இருநூறு கார்பன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்றுதான் கந்தகத்தோடு சேர்ந்திருக்கும். வேதிவினை இவ்வளவு சொற்பம், ஆனால் திரவம் திடப்பொருளாகிவிடுகிறது. ஏன் என்று கேட்கும் இடத்திலிருந்து வேலை நம்முடையது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பொருள் உருமாற மறுப்பதன் அளவு விறைப்புக் குணகம். அதன் பரிமாணம், ஆற்றலைக் கன அளவால் வகுத்தது. இரும்பில் ஓர் அணுவின் பிணைப்பாற்றல் சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட், அதன் கன அளவு 1.2 × 10⁻²⁹ கன மீட்டர். வகுத்தால் 5 × 10¹⁰ பாஸ்கலுக்கு மேல் வரும். அளந்த மதிப்பு 8 × 10¹⁰. இவ்வளவு முரட்டுக் கணக்குக்கு இது போதும்.

இனி ரப்பர். இங்கே ஆற்றல் பிணைப்பிலிருந்து வருவதில்லை. வெறும் வெப்ப ஆற்றல். போல்ட்ஸ்மன் மாறிலியை அறை வெப்பநிலையால் பெருக்கினால் 4 × 10⁻²¹ ஜூல். இரண்டு முடிச்சுகளுக்கு இடைப்பட்ட இருநூறு கார்பன் சங்கிலித்துண்டு அடைக்கும் இடம் 5 × 10⁻²⁷ கன மீட்டர். வகுத்தால் எட்டு லட்சம் பாஸ்கல். ரப்பர் பேண்டை ஆய்வகத்தில் அளந்தாலும் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் வரும். இரும்பைவிட லட்சம் மடங்கு மென்மை. ஆற்றல் சிறிது, அதை வகுக்கும் கன அளவு பெரிது. இந்தத் துறையின் பொருள்கள் பலவற்றிலும் மென்மை இப்படித்தான் வருகிறது.

வெப்ப ஆற்றல் எப்படி ஒரு பொருளை இழுத்துப் பிடிக்கும் என்று கேட்பீர்கள். சங்கிலித்துண்டு ஒரு ரேண்டம் வாக், அதாவது அடிக்கு அடி திசை மாறும் குருட்டு நடை. சுருண்டு கிடக்க அதற்கு எண்ணற்ற வழிகள், நீட்டினால் வழிகள் குறைகின்றன. அந்த வழிகளின் எண்ணிக்கையை அளப்பதுதான் என்ட்ரோபி. அது குறைவதை எதிர்த்துத்தான் ரப்பர் திரும்ப இழுக்கிறது. அப்படியானால் சூடாக்கினால் இன்னும் பலமாக இழுக்க வேண்டும், இல்லையா? இழுக்கிறது. ரப்பர் பேண்டில் எடை தொங்கவிட்டு ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள், எடை மேலே ஏறும். இரும்புக் கம்பியில் இது நடக்காது. 1805இல் ஜான் கஃப் என்ற பார்வையற்ற ஆங்கிலேயர் இதைக் கவனித்து எழுதினார். அவருடைய கருவி உதடு. ரப்பரை உதட்டில் வைத்துச் சட்டென்று நீட்டினால் வெதுவெதுப்பு தெரியும். கொஞ்சம் பொறுத்துவிட்டுத் தளர்த்தினால் குளிர்ச்சி. கடிதத்தை முடித்ததும் செய்து பாருங்கள். சற்றே தடித்த பேண்டாக இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் தேவைப்பட்டது, நீங்கள் ஏற்கெனவே படித்த வெப்பவியலும் ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸும் மட்டுமே. அதைப் பெட்டிக்குள் அடைத்த வாயுவுக்கு மட்டும் போட்டுக்காட்டிவிட்டு பாடத்தை மூடிவிடுகிறார்கள் என்பது என் பழைய புகார்.

போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இதற்கு நீண்ட மரபு உண்டு. தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகங்களை 1977இல் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் குழு கண்டுபிடித்தது அங்கேதான். இறுதியாண்டு புராஜெக்டுக்கு வேண்டுமானால், ஒரு சொட்டு ரப்பர் பாலை அமோனியா கலந்த நீரில் நன்றாக நீர்க்கவிட்டு மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். துகள்கள் துடிப்பதை செல்போனில் படம் பிடித்து, இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரியை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்விலிருந்து, ஐன்ஸ்டைன் 1905இல் தந்த வாய்பாட்டின்படி, துகளின் ஆரம் கிடைக்கும்.