சபையின் வாடகைப் பணமும் தானப் பத்திரத்தின் ஒரு வரியும்

கேள்வி: தமிழகத்தின் தென்மாவட்டம் ஒன்றில் உள்ள எங்கள் கிறிஸ்தவ சபைக்கு 1968-இல் என் தந்தை ஒரு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். இன்று அதில் வணிக வளாகம் நிற்கிறது. மாதந்தோறும் லட்சக்கணக்கில் வாடகை வருகிறது. ஆனால் ஏழை மாணவர் விடுதி மூன்று ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்க, புதிய கோபுரத்துக்கும் குருவானவர் வசிக்கும் குருமனையைப் புதுப்பிக்கவும் பணம் செலவாகிறது. பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்ட என்னை, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றும் பாராமல், ஒரு கமிட்டி உறுப்பினர் கேவலமாகத் திட்டினார். குருவானவர் கண்டிக்கவில்லை. எதிர்ப்பைக் காட்ட இரண்டு ஆண்டுகளாகச் சந்தா கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு, நிர்வாகிகள் நீக்கம், பகிரங்க மன்னிப்பு, முடியுமானால் தந்தையின் நிலம் ஆகியவற்றைக் கேட்டு முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பதினொரு பக்கக் கடிதத்தில் வழக்குக்கு உதவக்கூடிய செய்தி, அதனுடன் நீங்கள் இணைத்திருக்கும் தானப் பத்திர நகலின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: "மேற்படி சொத்தின் வருமானத்தைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளின் விடுதியை நடத்தி வர வேண்டியது." இந்த ஒரு வரி இல்லாவிட்டால் உங்களுக்கு வழக்கே இல்லை என்று எழுதியிருப்பேன். பொதுவான காணிக்கைப் பணத்தைக் கோபுரத்துக்குச் செலவிடுவதா, விடுதிக்குச் செலவிடுவதா என்பது நிர்வாகிகளின் முடிவு. அது தவறான முடிவாகவே இருந்தாலும், ஸ்தாபன நோக்கத்துக்குள் அடங்கியதாகவும் நேர்மையாக எடுத்ததாகவும் இருக்கும்வரை எந்த நீதிமன்றமும் அதில் தலையிடாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட சொத்தின் வருமானம் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று எழுதி வாங்கப்பட்டிருக்கும்போது, அதை வேறு செலவுக்குத் திருப்ப நிர்வாகிகளுக்கு உரிமை கிடையாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது அந்த வளாகத்தின் வாடகை எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது, அதில் விடுதிக்கு எவ்வளவு போனது என்பதை மட்டுமே. சபையின் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு முழுவதையும் கேட்டால், எதிர்த்தரப்பு பெட்டி பெட்டியாக ரசீதுகளைக் கொண்டுவந்து குவிக்கும். அந்தக் குவியலில் உங்கள் வாடகைக் கணக்கு புதைந்துபோகும்.

நிலம் திரும்ப வராது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, பத்திரத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட நிபந்தனை போன்ற மிகக் குறுகிய காரணங்களுக்கு அப்பால், முழுமையடைந்த தானத்தை ரத்து செய்ய அனுமதிப்பதில்லை. உங்கள் பத்திரத்தில் அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சபை பொது அதிகார அமைப்பு அல்ல, ஆகவே அந்தச் சட்டத்தின் கீழ் அதனிடம் கணக்குக் கேட்க முடியாது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் பொது சமய அறங்களுக்குப் பொருந்தாது. அதன் பிரிவுகளை மேற்கோள் காட்டி நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய கடிதத்தை மறந்துவிடுங்கள். கூட்டத்தில் நடந்த அவமதிப்பு உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது புரிகிறது என்றாலும், இந்த வழக்கில் அதற்கு இடமே கிடையாது; ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்து சமய நிறுவனங்களுக்கும் வக்ஃபுகளுக்கும் தனிச் சட்டமும் கண்காணிக்கும் அமைப்பும் இருக்கின்றன. கிறிஸ்தவ அறச் சொத்துகளுக்கு அவ்வாறான முழுமையான சட்டம் இல்லை என்பதையும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் கீழ் தொடுக்கும் வழக்கு ஒன்றே அவற்றின் மீதான மேற்பார்வையாக இருக்கிறது என்பதையும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் சுட்டிக்காட்டியது. கணக்குக் கேட்பதும், சொத்தின் வருமானத்தில் எந்தப் பங்கு எந்த நோக்கத்துக்கு என்று தீர்மானிக்கச் சொல்வதும் அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கும் பரிகாரங்கள். அந்த அறத்தில் நலன் உடைய இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத் தொடுக்க வேண்டிய வழக்கு அது. ஒருவேளை உங்கள் சபை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதாக இருந்தால், 36-ஆம் பிரிவில் பதிவாளரின் விசாரணை என்றொரு வழியும் உண்டு. ஆனால் உறுப்பினர்கள் அதைக் கோர வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும். உங்கள் பக்கம் இருபது பேர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது.

இப்போது எனக்கு உண்மையான கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சந்தாவை நிறுத்தியது பெரிய தவறு. இதே தவறைச் செய்த நேர்மையான மனிதர்கள் பலரை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். கணக்குக் காட்டாதவர்களுக்கு ஏன் பணம் தர வேண்டும் என்ற அவர்களின் கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்தக் கோபமே எதிர்த்தரப்பின் முதல் ஆயுதமாகிவிடுகிறது. பெரும்பாலான சபை விதிகளில், குறிப்பிட்ட காலம் சந்தா நிலுவை வைத்தவரின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று ஒரு விதி இருக்கும். பெயர் நீங்கியதும், இவர் உறுப்பினரே அல்ல, இவருக்கு இந்த அறத்தில் என்ன நலன் இருக்கிறது என்று முதல் விசாரணையிலேயே கேட்பார்கள். வாரந்தோறும் ஆராதனைக்கு வருபவரும் நலன் உடையவரே என்று நாம் வாதிடலாம், அது நல்ல வாதமும்கூட. ஆனால் வாடகைக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அந்த ஒரு வாதத்திலேயே இரண்டு ஆண்டுகள் கழிந்துவிடும். இந்த வாரமே நிலுவை முழுவதையும் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ செலுத்தி ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். உங்களுடன் வாதிகளாகச் சேரப்போகிறவர்களின் சந்தாவும் அன்றைய தேதிவரை செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த பள்ளம் மன்னிப்புக் கோரிக்கை. 92-ஆம் பிரிவின் வழக்கு பொது உரிமையைக் காக்கத் தொடுக்கும் சிறப்பு வகை வழக்கு என்றும், தனிப்பட்ட உரிமைக்காகத் தொடுத்தால் அது அந்தப் பிரிவுக்குள் வராது என்றும் சுவாமி பரமாத்மானந்த் சரஸ்வதி வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்குரையில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல், வாதி எந்த நோக்கத்தோடு வந்திருக்கிறார் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். அனுமதி வழங்கும் முன் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுப்பது விரும்பத்தக்கது என்று நாராயண செட்டியார் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பின், அனுமதிக் கட்டத்திலேயே அவர்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்கிறார்கள்: கூட்டத்தில் நடந்த வாக்குவாதம், கமிட்டித் தேர்தலில் நீங்கள் தோற்றது, தந்தையின் நிலத்தைத் திரும்பக் கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் என ஒவ்வொன்றும் உங்கள் வழக்கைச் சொந்தப் பகையாகக் காட்டப் பயன்படும். ஆகவே நிலத்தைப் பற்றி இனி எழுத்தில் எதுவும் கேட்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகளைத் திருடர்கள் என்று எழுதுவதையும் இன்றே நிறுத்துங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் ஓர் அவதூறு வழக்கு வந்தால், அதை வாபஸ் வாங்குவதற்கு விலையாக உங்கள் கணக்கு வழக்கைக் கைவிடச் சொல்வார்கள். அப்படிக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

முன்சீப் நீதிமன்றத்தில் எளிதாக ஒரு தடையாணை வாங்கிவிடலாம் என்ற யோசனையையும் ஏற்காதீர்கள். அனுமதி வாங்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகக் கோரிக்கையை வெறும் தடையாணைக் கோரிக்கையாக மாற்றி எழுதினாலும், சாரத்தில் அது கணக்குக் கேட்பதாகவோ நிர்வாகிகளை நீக்கச் சொல்வதாகவோ இருந்தால் 92-ஆம் பிரிவின் தடை வந்து நிற்கும். என்னிடம் வந்த ஒரு குழுவினர் ஆறு ஆண்டுகள் அப்படி ஒரு வழக்கை நடத்திவிட்டு, வழக்கே செல்லாது என்ற தீர்ப்புடன் வந்தார்கள். அதற்குள் அவர்கள் எதிர்த்த கமிட்டியின் பதவிக்காலம் முடிந்து, பழைய வாடகை ஒப்பந்தங்களும் ரசீதுப் புத்தகங்களும் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தன. வருமான வரித் துறைக்குப் புகார் அனுப்புவதிலும் நிதானம் வேண்டும். அறத்தின் வரிவிலக்குப் பதிவு ரத்தானால், வருமானத்தோடு நிற்காமல் சொத்துகளின் நிகர சந்தை மதிப்பின் மீதே வரி விழக்கூடும். அந்தப் பணத்தைக் கட்டப்போவது நிர்வாகிகள் அல்ல, விடுதிக்குச் சேர வேண்டிய சொத்துதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நேரடியாகவே சொல்கிறேன்: வழக்குக்கு முன்பே சமரசம் பேசுங்கள். 92-ஆம் பிரிவில் வழக்குத் தொடுத்துவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 23, விதி 3பி-இன்படி நீதிமன்றத்தின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் நீங்கள் எந்த உடன்பாடும் செய்ய முடியாது. அதோடு, அந்த வழக்கு சபையார் அனைவருக்காகவும் நடப்பதாகக் கருதப்படுவதால், அரைகுறை ஆதாரத்துடன் போய்த் தோற்றால் நாளைக்கு வேறு எந்த உறுப்பினரும் அதே கேள்வியை மறுபடி எழுப்ப முடியாதபடி கதவு மூடிக்கொள்ளும். உங்கள் அவசரத்துக்கு இன்னொரு தலைமுறை விலை கொடுக்கக் கூடாது.

சமரசத்தில் மூன்று விஷயங்கள் போதும். வளாகத்தின் வாடகைக்குத் தனி வங்கிக் கணக்கு, இரு தரப்பும் ஏற்கும் வெளி ஆடிட்டர் ஒருவர் கடைசி மூன்று ஆண்டு வாடகையை மட்டும் தணிக்கை செய்து பொதுக்கூட்டத்தில் அறிக்கை வைப்பது, விடுதியை மீண்டும் திறப்பதற்குத் தேதி குறித்த கமிட்டித் தீர்மானம். கோபுரத்துக்குப் போன பணத்தைத் தவணையாகத் திருப்பி வைப்பதாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். மன்னிப்பைக் கேட்காதீர்கள், யாருடைய பதவியையும் கேட்காதீர்கள். வாய்மொழி வாக்குறுதியுடன் எழுந்து வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிவாகி, கையெழுத்திட்ட நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். நிர்வாகிகளில் பலருக்கு 1968 பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருப்பதே தெரிந்திருக்காது என்பது என் அனுபவம். அதைப் படித்துக் காட்டிய பிறகு பேச்சின் தொனியே மாறிய சபைகளைப் பார்த்திருக்கிறேன்.

சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி வையுங்கள். சந்தா ரசீது கைக்கு வந்த பிறகு, ஐந்து உறுப்பினர்களின் கையெழுத்துடன், அந்த ஒரு வரியை மட்டும் மேற்கோள் காட்டி, வாடகைக் கணக்கை மட்டும் கேட்டு, அறுபது நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதமே அனுமதி மனுவின் முதல் ஆவணம். வழக்குத் தொடுக்க இருவர் போதும் என்றாலும், ஐந்து பேரையும் வாதிகளாகச் சேருங்கள், ஏனென்றால் தாக்கலுக்கு முந்தைய நாள் குடும்பத்தாரின் வற்புறுத்தலால் ஒருவராவது பின்வாங்குவார்.