31ஆம் தேதியின் மூன்று எடைச்சீட்டுகள்

மலேசியாவின் தெலுக் இந்தானை அடுத்த தோட்டப்புறத்திலிருந்து, மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டுக் கணவரோடும் மகளோடும் சென்ற சனிக்கிழமை என்னிடம் வந்த ஒரு தாயார், நாற்காலியில் அமருமுன்பே, "பெரியப்பா மருத்துவம்தான் என்கிறார் ஐயா, வெளிநாட்டில் இடம் பார்த்துவிட்டாராம்" என்றார். முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். தந்தையின் ஊழியர் சேமநிதியை எடுத்து, வீட்டையும் அடமானம் வைக்கப் போவதாகக் கேட்டதும் ஆறுதலை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா, அதைச் செய்யாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கும் முறை 2016 இறுதியில் வந்தது. 2021 ஜூலையில் அவர்கள் நிரந்தர வேலை கேட்டு, பணியை நிறுத்தி வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. அதைவிட முக்கியம், உங்கள் மகள் மருத்துவம் வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அவர் வாய் திறந்தது ஒரே இடத்தில்தான். செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டும் தந்தை, ஜனவரி மாத எடைச்சீட்டுகளையும் ஆலையின் கணினி அறிக்கையையும் மேசையில் வைத்தார். அறிக்கையில் மூன்று நடை குறைவு. மூன்றும் 31ஆம் தேதிக்கு உரியவை என்று மகள் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

காரணம் எளியது. அறிக்கையில் ஜனவரி 1 முதல் 31 வரை என்று நாள் வரம்பு கொடுத்திருக்கிறார்கள். பதிவுகளில் நாளோடு நேரமும் இருக்கிறது. நேரம் குறிப்பிடாத '31' என்பதைக் கணினி அன்றைய நள்ளிரவு 00:00 என்றே கொள்ளும். அதற்குப் பின் எடைபோட்ட அத்தனை லாரிகளும் வடிகட்டலில் விழுந்துவிடும். ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், பிப்ரவரி 1க்கு முன் என்று எழுதினால் ஒரு சீட்டும் விடுபடாது. மாதத்துக்கு எத்தனை நாள் என்ற கவலையும் இல்லை.

இதைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு தொழில் இருக்கிறது: பிஸ்னஸ் இன்டெலிஜென்ஸ் எனப்படும் வணிக அறிக்கைத் துறை. அது பிடிக்க வேண்டிய பிழைகள் இன்னும் உண்டு. உலகப் பொது நேரத்தில் சேமிக்கும் கணினியில், பிப்ரவரி 1 காலை 6:30க்கு எடைபோட்ட குலை ஜனவரி 31 இரவு 10:30 என்று பதிவாகும், ஏனெனில் மலேசியா எட்டு மணி நேரம் முந்தியது. 03/04 என்பதை நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம், அமெரிக்க அமைப்பில் இருக்கும் மென்பொருள் மார்ச் 4 என்று படிக்கும், பிழைச் செய்திகூடக் காட்டாது. தைப்பூசத்தன்று லாரி ஓடாவிட்டால் அந்த நாளுக்குப் பதிவே இருக்காது. எல்லா நாட்களையும் கொண்ட தனி நாட்காட்டி அட்டவணையை இணைக்காமல் தினசரிச் சராசரி எடுத்தால், அது உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, "போன மாத விளைச்சல் எவ்வளவு?" என்று மேலாளர் கேட்டால், வெட்டிய நாளா, எடைபோட்ட நாளா, பணம் கொடுத்த நாளா என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். (தோட்டக் கணக்கர்களான கிராணிமார் இதை நாவிலேயே வைத்திருந்தார்கள், கணினி வந்தபின் கேட்பார் குறைந்துவிட்டார்கள்.)

வழி என்ன என்று கேட்டீர்கள். பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கு விண்ணப்பியுங்கள். அதன் கட்டணத்துக்காக வீட்டைத் தொட வேண்டியதில்லை. 'டேட்டா சயின்ஸ்' என்று பெரிய பலகை மாட்டிய தனியார் கல்லூரி அழைத்தால், பாடத்திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் பாடத்திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் கட்டணத்தைக் கேட்ட பிறகே உள்ளே போங்கள். அதுவரை விண்டோஸ் மடிக்கணினி ஒன்றில் அறிக்கை தயாரிக்கும் மென்பொருளான பவர் பி.ஐ. டெஸ்க்டாப்பை இலவசமாக இறக்கி, அப்பாவின் சீட்டுகளையே பதிவிட்டு மகள் பழகட்டும்.

பெரியப்பாவை அடுத்த சனிக்கிழமை அழைத்து வாருங்கள். வரும்போது கடன் தொகையையும் மாதத் தவணையையும், அதை யார் கட்டுவது என்பதையும் அவர் தம் கையாலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.