அட்டெயின்மென்ட் 2.04, பாதி வகுப்பு அரியர்: குறை எங்கே என்று எப்படிக் காண்பது?

கேள்வி: தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டுக்கு எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் நடத்துகிறேன். வகுப்பில் 60 பேர். அகமதிப்பீட்டுத் தேர்வு, இறுதித் தேர்வு, கருத்துப் படிவம் மூன்றையும் சேர்த்து எக்செல் தாளில் சி.ஓ. அட்டெயின்மென்ட் (பாடத்தின் கற்றல் இலக்குகளை வகுப்பு எந்த அளவு எட்டியது என்பதை 3-க்குக் கணக்கிடும் எண்) போடுகிறோம். உராய்வு அலகுக்கு அகத்தேர்வில் 3, இறுதித் தேர்வில் 1, கருத்துப் படிவத்தில் 3. மொத்தம் 2.04 வருகிறது. இலக்கு 2 என்பதால் ‘எட்டப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறோம். ஆனால் ஆண்டுதோறும் பாதிப் பேர் அரியர் வைக்கிறார்கள். இவ்வளவு உழைப்பும் மாணவர்களுக்குப் பயன்பட நான் எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் அந்த 2.04 எப்படி வந்தது என்று பாருங்கள். அகத்தேர்வுக்கு 40, இறுதித் தேர்வுக்கு 60 விழுக்காடு என்றால் 3-ம் 1-ம் சேர்ந்து 1.8 ஆகிறது. மொத்தத்தில் தேர்வுகளின் பங்கு 80 விழுக்காடு என்றால் அது 1.44. கருத்துப் படிவத்தின் 3-இல் 20 விழுக்காடு 0.6. கூட்டினால் 2.04. படிவத்தை விலக்கிப் பார்த்தால் இலக்கு எட்டப்படவே இல்லை. “இந்தப் பாடத்தின் நோக்கங்கள் நிறைவேறினவா?” என்ற கேள்விக்குப் பெரும்பாலான மாணவர்கள் நல்ல மனத்தோடு ‘மிக நன்று’ என்றுதான் குறிப்பார்கள். அந்த நல்ல மனம்தான் உங்கள் கணக்கை இலக்கைத் தாண்ட வைத்திருக்கிறது. எனவே மூன்று எண்களையும் தனித்தனியாகவே வைத்துப் படியுங்கள். அகத்தேர்வில் 3, இறுதித் தேர்வில் 1 என்ற இடைவெளியே ஒரு செய்தி. அகத்தேர்வு எதையோ அளக்கத் தவறுகிறது.

எதைத் தவறவிடுகிறது என்பதற்கு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். 13 மதிப்பெண் வினாக்கள் ‘அ அல்லது ஆ’ என்று வரும். உராய்வு அலகில் ஒரு பக்கம் ஏணிக் கணக்கு, மறுபக்கம் பெல்ட் கணக்கு என்று வைப்பது நம் வழக்கம். பெல்ட் கணக்கில் இழுவிசை விகிதச் சூத்திரத்தில் எண்களைப் போட்டாலே பெரும்பகுதி மதிப்பெண் கிடைத்துவிடும். ஏணிக் கணக்கு அப்படியல்ல. சுவர் தன் பரப்புக்குச் செங்குத்தாகத் தரும் எதிர்விசை கிடைமட்டமாக இருக்கும், ஏணியின் மேல்முனை கீழே சரிய முனைவதால் சுவரின் உராய்வு மேல்நோக்கி இருக்கும், அடிமுனை விலக முனைவதால் தரையின் உராய்வு சுவரை நோக்கி இருக்கும். இதெல்லாம் புரிந்தால்தான் ஃப்ரீ பாடி படமே (பொருளைத் தனியே பிரித்து, அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் படம்) சரியாக வரும். மாணவர்கள் பெல்ட்டைத் தேர்ந்தெடுத்துத் தப்பித்திருந்தால், எக்செல் தாள் இரண்டையும் ஒரே சி.ஓ. என்று எண்ணி 3 போடும். அந்த அலகின் உயிரான திறன் சோதிக்கப்படவே இல்லை. அடுத்த அகத்தேர்வில் இந்த ஒரு வினாவுக்கு மட்டும் மாற்று கொடுக்காதீர்கள். அல்லது இரு பக்கமும் படம் வரைந்தே தீர வேண்டிய கணக்குகளை வையுங்கள்.

அடுத்தது திருத்தும் முறை. 60 தாள்களிலும் எல்லா வினாக்களையும் அலச வேண்டாம், அது யாராலும் இயலாது. ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். விடைக்குறிப்பிலேயே 13 மதிப்பெண்ணையும் பிரித்துவிடுங்கள்: படத்துக்கு 4, சமநிலைச் சமன்பாடுகளுக்கு 5, கணக்கிட்டு விடை காண்பதற்கு 4. ஸ்டெப் மார்க் எப்படியும் போடுகிறீர்கள். அதைக் கூட்டி ஓர் எண்ணாக ஆக்குவதற்கு முன் மூன்று பத்திகளில் குறித்துக்கொண்டால் போதும். திருத்தும் நேரம் கொஞ்சம்தான் கூடும். ஆனால் 13-க்கு 6 வாங்கிய இருவர் இப்போது வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்கள். ஒருவர் படமும் சமன்பாடும் சரியாக எழுதத் தொடங்கி, சமன்பாட்டின் நடுவில் குறியைத் தவறவிட்டவர். மற்றவர் தவறான படத்துக்குப் பொருத்தமான சமன்பாட்டை எழுதி, பாதி மதிப்பெண் தேற்றியவர். முதலாமவருக்குப் பயிற்சி போதும். இரண்டாமவருக்கு நூறு கணக்கு போட்டுக் கொடுத்தாலும் அதே தவறான படத்தைத்தான் வரைவார்.

படப் பத்தியில் குறைவாக வந்தவர்களில் நான்கைந்து பேரைக் கூப்பிட்டு, கணக்கைப் போடச் சொல்லாமல், “இந்த அம்பை ஏன் இந்தப் பக்கம் வரைந்தாய்?” என்று மட்டும் கேளுங்கள். திட்டுவதற்காக அழைக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். “உராய்வு எப்போதும் இடப்பக்கம்தானே சார்” என்பது போன்ற பதில் வரலாம். வகுப்பில் தீர்த்துக் காட்டிய கணக்குகளில் எல்லாம் தற்செயலாக அப்படி அமைந்திருக்கும். இந்தத் தகவலை எந்த அட்டெயின்மென்ட் தாளும் தராது.

இப்போது கற்பிப்பதில் ஒன்றை மாற்றுங்கள், ஒன்றே ஒன்றை. ஐந்தை ஒருசேர மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். உங்கள் பாடத்துக்கு நான் பரிந்துரைப்பது இது: உராய்வு அலகு நடக்கும் நாள்களில் முதல் பத்து நிமிடம், எண்களே இல்லாத ஒரு சூழலைக் கரும்பலகையில் வரைந்து, நான்கு ஃப்ரீ பாடி படங்களைக் காட்டி, எது சரி என்று கைதூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் கையாண்ட முறை இதுதான். ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொல்லி மறுபடி கேட்பார். அதற்கும் குறைந்தால் அவரே மீண்டும் விளக்குவார். மிகுந்தால் அடுத்ததற்குப் போய்விடுவார். வகுப்பை அடுத்து எங்கே கொண்டுபோவது என்பதை அந்தக் கைகளே முடிவு செய்கின்றன. அப்படி ஒரு முடிவை மாற்றாத மதிப்பீட்டுக்காக மாணவரின் நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இது உங்கள் துறைக்கு மிக நெருங்கிய சான்று உள்ள முறையும்கூட. இயக்கவியல் கருத்துகளைச் சோதிக்கும் ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’ என்ற வினாத்தொகுப்பு 1992-இல் வெளிவந்தது. சூத்திரமோ கணக்கோ இல்லாமல் கருத்தை மட்டும் கேட்கும் வினாக்கள் அவை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹேக், 62 வகுப்புகளில் படித்த 6,542 மாணவர்களின் மதிப்பெண்களை ஒப்பிட்டு 1998-இல் வெளியிட்டார். தொடக்கத் தேர்வில் ஒரு வகுப்பு 40 விழுக்காடு வாங்கினால் இன்னும் உயர 60 பாக்கி. அதில் 15 உயர்ந்தால் ஈட்டம் 0.25. பெரும்பாலும் விரிவுரையையே நம்பிய வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23. மாணவர்கள் வகுப்பிலேயே யோசித்து, விவாதித்து, உடனடியாகத் தம் தவறை அறிந்த வகுப்புகளில் அது 0.48. நல்ல விரிவுரையாளர்கள் பலருக்கு இது வலித்திருக்கும். ஆனால் அளந்து பார்த்ததால்தான் அது தெரிய வந்தது.

இரண்டாம் அகத்தேர்வில் அதே திறனை வேறு சூழலில் கேளுங்கள். ஏணிக்குப் பதில் சாய்தளத்தில் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் இரு கட்டைகள், அல்லது ஆப்பு. எண்களை மட்டும் மாற்றிய அதே ஏணி வேண்டாம், அது மனப்பாடத்தைத்தான் அளக்கும். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் படப் பத்தியை மட்டும் முந்தைய தேர்வோடு ஒப்பிடுங்கள். உயரவில்லை என்றால் அதையும் அப்படியே குறித்து வைத்து, அடுத்த பருவத்தில் வேறொன்றை முயலுங்கள்.

விடைத்தாளைத் திருப்பித் தரும் விதத்திலும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். இஸ்ரேலில் ரூத் பட்லர் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். குறிப்புரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண் கண்ணில் பட்டதும் எழுத்து படிக்கப்படுவதில்லை. நமக்கு மதிப்பெண் தராமல் இருக்க முடியாது. ஆனால் முதல் நாள் குறிப்புரையோடு தாளைக் கொடுத்து, தவறிய படத்தைத் திருத்தி வரையச் சொல்லி, மறுநாள் மதிப்பெண்ணை அறிவிக்க எந்த விதியும் தடை இல்லை.

அட்டெயின்மென்ட் குறைந்தால் கேள்வி வரும் என்ற அச்சம் பல துறைகளில் இருக்கிறது. அதனால்தான் இலக்கு கீழே இறக்கப்படுகிறது, அகத்தேர்வு எளிதாக்கப்படுகிறது. உங்கள் துறைத் தலைவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்: பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினரானது. அதன்படி இயங்கும் தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.யின் சுயமதிப்பீட்டு அறிக்கையில் இலக்கு, எட்டிய அளவு ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே என்ன கவனித்தீர்கள், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதற்கும் இடம் இருக்கிறது. எல்லாமே எட்டப்பட்டிருந்தால் அங்கே எழுத என்ன இருக்கும்? ஆசிரியரின் ஆண்டு மதிப்பீட்டை அட்டெயின்மென்ட் எண்ணோடு கட்டிப்போடும் கல்லூரிகள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். எண்ணைக் காட்டி ஆசிரியரை அச்சுறுத்தினால் எண்தான் உயரும், வகுப்பு அப்படியேதான் இருக்கும்.

எக்செல் தாளை நிறுத்த வேண்டியதில்லை. கல்லூரி கேட்கும் வடிவத்தில் கொடுங்கள். அதோடு பாடக்கோப்பில் ஒரு பக்கம் சேருங்கள்: கேட்ட வினா, எந்தப் படியில் எத்தனை பேர் தவறினார்கள், என்ன மாற்றினீர்கள், இரண்டாம் தேர்வில் அதே படி எப்படி இருந்தது. அடுத்த ஆண்டு இந்தப் பாடம் வேறொருவர் கைக்குப் போனால் அந்தப் பக்கத்தை நேரில் கொடுத்துப் பேசுங்கள். முதல் பருவத்துக்கு உராய்வு அலகு ஒன்றே போதும்.