சிரியாவுக்கு அனுப்பப்பட்ட ஆப்கானியர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிரியப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில், ஈரான் திரட்டி அனுப்பிய ஆப்கான் ஷியாக்களைப் ‘பாவப்பட்டவர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்தியது. சம்பளம் வாங்கிக்கொண்டு வேறொரு நாட்டுக்குப் போய் அங்குள்ளவர்களைச் சுட்டவர்கள் கூலிப்படையினர்தானே? காசுக்காகப் போகவில்லை, மதத்துக்காகத்தான் போனார்கள் என்றால், ஐ.எஸ். இயக்கத்தில் சேரப் போனவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? சிரியாவின் அலெப்போ நகரில் செத்தவர்களுக்காக அல்லவா நாம் முதலில் வருந்த வேண்டும்?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

ஆமாம், முதலில் சிரியர்களுக்காகத்தான் வருந்த வேண்டும். கிளர்ச்சியாளர்கள் வசமிருந்த கிழக்கு அலெப்போ 2016 இறுதியில் வீழ்ந்தபோது, அன்றைய சிரிய அதிபர் அசாதின் ராணுவத்தோடு லெபனானின் ஹிஸ்புல்லாவும் ஈராக்கின் ஷியா ஆயுத இயக்கமான நுஜபாவும் ஆப்கானியர்களின் ஃபாதிமியூன் படையும் நின்றன. முற்றுகைக்குள் பட்டினி கிடந்தவர்களிடம் போய், எதிரே துப்பாக்கியோடு நின்றவனும் ஏழைதான் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ‘பாவப்பட்டவர்கள்’ என்ற சொல்லை நான் திரும்பப் பெறப்போவதில்லை.

ஃபாதிமியூனில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஷியாக்களான ஹசாரா இனத்தவர். ஆப்கானிஸ்தானில் 1890களில் அன்றைய ஆட்சியாளர் அமீர் அப்துர் ரஹ்மானின் படைகளாலும், 1998இல் மஸார்-இ-ஷரீஃபில் தாலிபான்களாலும் கொன்று குவிக்கப்பட்ட மக்கள். அப்படித் தப்பி ஈரானுக்குள் வந்தவர்களும், அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் கட்டட வேலையிலும் செங்கல் சூளையிலும் உழைத்தார்கள். பலரிடம் எந்தக் காகிதமும் கிடையாது. போலீஸ் பிடித்தால் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

ஆள் எடுத்தவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். 2013 வாக்கில் ஈரானியப் புரட்சிக் காவல்படை ஆள் சேர்க்கத் தொடங்கியபோது, மாதம் சில நூறு டாலர் சம்பளமும் தங்கும் அனுமதியும் தருவதாகச் சொன்னது. போகாவிட்டால் நாடு கடத்திவிடுவோம் என்று மிரட்டப்பட்டதாகச் சிலர் மனித உரிமைக் கண்காணிப்பகத்திடம் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) சொன்னது 2016இல் வெளிவந்தது. சில வாரப் பயிற்சி, அப்புறம் விமானம், அவ்வளவுதான். அதே ஆண்டு மே மாதம், போரில் இறந்த வெளிநாட்டவரின் குடும்பத்துக்குக் குடியுரிமை தர ஈரான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முப்பது வருடம் செங்கல் சுமந்தவனுக்குக் கிடைக்காதது, அவன் மகன் செத்தால் வீட்டுக்குக் கிடைக்கும். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, மதம்? அதையும் பொய் என்று தள்ள மாட்டேன். கி.பி. 680இல் கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரன் ஹுசைன் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய தங்கை ஸைனப் கைதியாக டமாஸ்கஸுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அந்நகரின் தெற்கே இருக்கிறது அவருடைய ஸியாரத், அதாவது அடக்கத்தலம். ‘ஸைனப் மறுபடியும் சிறைப்பட விடமாட்டோம்’ என்ற முழக்கம் ஒரு ஷியா இளைஞனை என்ன செய்யும் என்பதை முஹர்ரம் ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆபத்தும் உண்மைதான். 2013இல் ஷியாக்கள் போற்றும் நபித்தோழர் ஹுஜ்ர் இப்னு அதீயின் கப்றை (கல்லறையை) சிரியக் கிளர்ச்சியாளர்கள் தோண்டினார்கள். 2016இல் ஸைனப் ஸியாரத் பகுதியிலேயே ஐ.எஸ். குண்டு வைத்துப் பலரைக் கொன்றது.

ஆனால் அந்த இளைஞர்கள் அனுப்பப்பட்டது எங்கெல்லாம் என்று வரைபடத்தில் பாருங்கள். அலெப்போ, பல்மைரா, தெய்ர் அஸ்-ஸோர், ஈராக் எல்லையில் உள்ள அபூ கமால். அலெப்போவிலிருந்து அந்த ஸியாரத் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அவன் காக்கப் போனது ஸைனபை. அவனை வைத்துக் காக்கப்பட்டது அசாதின் ஆட்சியும் தெஹ்ரானிலிருந்து பெய்ரூத்துக்கு, ஹிஸ்புல்லாவிடம் ஆயுதம் போகும் பாதையும்.

ஐ.எஸ்.ஸில் சேர்ந்தவர்களோடு உள்ள வித்தியாசத்தை இங்கேதான் பார்க்கிறேன். அவர்களில் ஏராளமானோர் பாஸ்போர்ட்டோடு தாங்களாகக் கிளம்பிப் போனவர்கள். இங்கோ, ஓர் அரசே தன் எல்லைக்குள் பாஸ்போர்ட் இல்லாமல் வாழ்ந்தவர்களைத் திரட்டி அனுப்பியது. பாகிஸ்தானின் பாராசினாரிலிருந்து, ஈரான் திரட்டிய இன்னொரு ஷியா படையான ஸைனபியூனுக்குப் போனவர்களின் கதை சற்று வேறு. ஊரில் தாலிபான்களின் தாக்குதலைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் படையை 2024இல் பாகிஸ்தானே தடை செய்தது.

ஃபாதிமியூனில் சுமார் 2,000 பேர் இறந்தார்கள், 8,000 பேர் காயமடைந்தார்கள் என்று 2018இல் அந்தப் படையின் பொறுப்பாளர் ஒருவரே சொன்னார். 2024 டிசம்பரில் அசாத் ஓடிப்போனார். அடுத்த ஆண்டே ஈரான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர்களைத் திருப்பி அனுப்பியது, தாலிபான் ஆளும் நாட்டுக்கு.

சிரியாவில் குற்றம் செய்தவன் ஆப்கானியனாக இருந்தாலும் விசாரிக்கப்பட வேண்டும். அதில் உங்களோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் ஈரானில் உள்ள கல்லறைகளில், சிரியாவில் இறந்த ஆப்கான் சிறுவர்களின் பெயர்களையும், அவர்களில் 14 வயதே ஆன ஒருவனின் பெயரையும், மனித உரிமைக் கண்காணிப்பகம் 2017இல் கண்டெடுத்திருக்கிறது. பதினைந்து வயது நிரம்பாதவரைப் படையில் சேர்ப்பது சர்வதேசச் சட்டப்படி போர்க்குற்றம். அந்தச் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்ட அதிகாரிகள் மீதுதான் முதல் வழக்கு தொடர வேண்டும் என்கிறேன்.