செயினுக்கு ஆயில் போதும், அழுக்கை எடுங்கள்

வட சென்னை எர்ணாவூரிலிருந்து தினமும் அத்திப்பட்டு பக்கம் வேலைக்குப் போய்வரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சார், என்னுடையது 200 சிசி பைக். 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. செயினுக்கு ஆயில் விட்ட இரண்டாவது நாளே கரகரவென்று சத்தம் வருகிறது. தெரு முனை மெக்கானிக் வாராவாரம் ஆயில் ஊற்றி, டைட் வைத்துத் தருகிறார். இப்போது செயின் ஸ்ப்ராக்கெட் செட்டே போய்விட்டது, ரூ.3,800 ஆகும் என்கிறார். மாற்றித்தான் ஆகவேண்டுமா? அப்பாவின் 100 சிசி வண்டிக்கு நாங்கள் எதுவுமே செய்வதில்லை, அது சத்தமே போடுவதில்லை. அது எப்படி?”

தம்பி, இப்போதைக்குப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். செட், அதாவது செயினும் அது ஓடும் இரண்டு பல் சக்கரங்களும், தேய்ந்துவிட்டதா என்பதை நீங்களே ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். பின்சக்கரத்துப் பல் சக்கரத்தின் கடைசி முனையில், அதாவது நம்பர் பிளேட் பக்கம், செயினை இரண்டு விரலால் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லை விட்டு அசையவில்லை என்றால் செயின் நன்றாக இருக்கிறது. பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு இழுபட்டால் அது போய்விட்டது. அப்புறம் பல்லைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கமாக வளைந்து கொக்கி போல இருந்தால் தேய்ந்துவிட்டது. செயின் டைட் வைக்கும் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் உங்கள் பிரச்சினை வெறும் அழுக்குதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த வகைச் செயின் 20,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும்.

உங்கள் வழியையும் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல் காற்று. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இரும்பு காயவே காயாது. இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி கிளப்பும் மண். அனல்மின் நிலையங்களின் பக்கம் போனால் சாம்பல் தூசி வேறு. பார்க்க மாவு மாதிரி இருந்தாலும் அது இரும்பைத் தேய்க்கக்கூடிய தூசி. காசிமேடு வழியாகப் போகிறவர்களுக்கு மீன் வண்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் சேரும். முன் சக்கரம் அதை வாரி அப்படியே செயினில் அடிக்கும். அண்ணா நகரில் ஓடும் வண்டிக்குச் சொல்லும் கணக்கு நம் பக்கத்துக்கு ஒத்துவராது. ரோட்டு ஓரத்து மணலை வாரம் ஒருமுறை வாரினாலே பாதிச் செயின் பிழைக்கும். அதை யாரிடம் சொல்வது? மாநகராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் கைகாட்டும், அவர்கள் துறைமுகத்தைக் கைகாட்டுவார்கள். மணல் மட்டும் அங்கேயே கிடக்கும்.

இந்த மண்ணின் மேல் உங்கள் மெக்கானிக் ஊற்றுகிறாரே, அந்த ஆயில் என்ன ஆயில் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் அது வேஸ்ட் ஆயில், யாரோ ஒருவர் வண்டி இன்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயில். அதில் இன்ஜின் தேய்ந்த இரும்புப் பொடி இருக்கிறது, கரி இருக்கிறது, இரும்பை அரிக்கும் அமிலமும் இருக்கிறது. ரோட்டு மண்ணோடு சேர்ந்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். இரண்டு நாள் சத்தம் அடங்கும், அதற்குள் செயின் கொஞ்சம் தேய்ந்திருக்கும், மூன்றாம் நாள் திரும்பச் சத்தம் வரும். மீதி ஆயில் ரிம்மில் தெறித்து டயருக்கு இறங்கும். மழை நாளில் பின்சக்கரம் வழுக்கினால் நீங்கள் ரோட்டைத்தான் திட்டுவீர்கள். காசு வாங்காமல் ஊற்றிக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் 200 சிசி வண்டியில் பெரும்பாலும் ஓ ரிங் செயின்தான் இருக்கும். டார்ச் அடித்து செயினின் இரண்டு தகடுகளுக்கு நடுவே பாருங்கள், கறுப்பாகச் சின்ன ரப்பர் வளையம் தெரியும். ஒவ்வொரு கண்ணியையும் கோக்கும் ‘பின்’ என்ற சின்ன இரும்புக் குச்சியைச் சுற்றி ஃபேக்டரியிலேயே கிரீஸ் வைத்து, அது வெளியே வராதபடி இந்த வளையத்தால் மூடியிருக்கிறார்கள். வெளியே எவ்வளவு ஊற்றினாலும் ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. வெளியே விடும் ஆயிலுக்கு மூன்று வேலைதான்: துரு பிடிக்காமல் பார்ப்பது, ரப்பர் காயாமல் பார்ப்பது, பல்லும் உருளையும் உரசாமல் பார்ப்பது. இதற்குக் கொஞ்சம் ஆயில் போதும். ரப்பர் கெட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும், அப்புறம் எந்த ஆயிலும் உதவாது. அதனால் பெட்ரோல் தொடவே கூடாது, கம்பி பிரஷ் கூடாது, வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் பைப்பைச் செயினுக்கு நேராகப் பிடிக்கவிடக் கூடாது. வாட்டர் வாஷுக்கு விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். இப்போது ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. கிடைக்காவிட்டால் செயின் கிளீனர் ஸ்ப்ரே வாங்குங்கள், டப்பாவில் ஓ ரிங் செயினுக்கு ஏற்றது என்று போட்டிருக்க வேண்டும். சில கம்பெனிகளின் கையேட்டில் மண்ணெண்ணெயும் வேண்டாம், 90 நம்பர் கியர் ஆயிலைத் துணியில் நனைத்துத் துடைத்தாலே போதும் என்று எழுதியிருக்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் அப்படி இருந்தால் அதையே செய்யுங்கள். கையேட்டை இப்போது பல கம்பெனிகள் கையில் கொடுப்பதில்லை, ஆப்பில் போய்ப் பார்த்துக்கொள் என்கிறார்கள். அங்கே போனால் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. லட்சத்துக்கு மேல் பணம் வாங்குகிறவர்களால் தமிழில் நாலு பக்கம் அச்சடித்துத் தர முடியாதா?

வேலையை வண்டி ஓட்டி வந்தவுடன் செய்யுங்கள், செயின் இளம் சூட்டில் இருக்கும்போது அழுக்கு சுலபமாக விடும். கீழே ஒரு பழைய அட்டையைப் போடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லை என்றால் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் வாங்கவேண்டிய அவசியமில்லை. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, கைக்கு எட்டும் பகுதியைத் தேய்த்துவிட்டு, வண்டியை ஒரு முழம் தள்ளி, அடுத்த பகுதியைத் தேய்க்கலாம். பிரஷை வெளிப்பக்கம் மட்டும் ஓட்டாமல் உள்பக்கம், மேல், கீழ் என்று நாலு பக்கமும் ஓட்டுங்கள். கறுப்புக் கூழ் கரைந்து சொட்டும். பிறகு பனியன் துணியால் செயினைச் சுற்றிப் பிடித்து உருவுங்கள். முதலில் துணி கறுப்பாகும், வேறு இடத்தைப் பிடித்து உருவினால் சாம்பல் நிறமாகும். இப்படித் துணியில் கறை வருவது நிற்கும் வரைக்கும் உருவ வேண்டும். நேரம் பிடிப்பது இதற்குத்தான். பலரும் இந்த இடத்தில் சோம்பல்பட்டு, நேராக ஆயிலுக்குப் போய்விடுகிறார்கள்.

இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிக்கும் பழக்கம் நம் பக்கத்துக் கடைகளில் நிறைய. சின்னப் பையன்கள்கூடச் செய்கிறார்கள். துணியின் ஒரு நூல் பல்லில் மாட்டினால் போதும், கையை எடுக்க நேரமே இருக்காது, விரல் போய்விடும். சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையாலேயே சுற்றுங்கள். உங்கள் வண்டிக்கு எவனாவது இன்ஜினை ஓடவிட்டுச் செய்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு ஆயில். 90 நம்பர் கியர் ஆயில் போதும், செயின் லூப் ஸ்ப்ரே என்றால் தெறிப்பது குறைவு. நம் பக்கத்து மண்ணுக்கு நான் சொல்வது ஸ்ப்ரேதான், ஆனால் மெல்லியதாக அடிக்க வேண்டும். டபிள்யூ-டி 40 நல்ல பொருள், துருவை இளக்கும், தண்ணீரை விரட்டும், ஆனால் செயினில் நிற்காது. அதை அடித்துவிட்டு ஆயில் விட்டாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கீழே ஓடும் செயினின் உள்பக்கம், பல் உட்காரும் பக்கமாகப் பார்த்து விடுங்கள். ஓடும்போது சுழலும் வேகத்தில் அது தானாக வெளிப்பக்கத்துக்கு வந்துவிடும். வெளியே விட்டால் நேராக ரிம்முக்குத்தான் போகும். பின் டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. விட்டதும் கிளம்பாமல் ராத்திரி செய்து வைத்துவிட்டு, காலையில் மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். தொட்டால் விரலில் லேசாக ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது.

500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். உங்கள் ரூட்டுக்கு நடுவில் ஒருமுறை துணியால் துடைத்து மெல்லிய கோட் போட்டாலும் நல்லது. தேங்கிய தண்ணீரில் போய் வந்தால் அன்றைக்கே துடைத்து விடுங்கள், கிலோமீட்டர் பார்க்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு எல்லாரும் இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள். செயினைத் தொட்டவர்கள் குறைவு.

இனி அந்த வாராவார டைட். அதை உடனே நிறுத்துங்கள். அழுக்கில் இறுகிய செயின் சத்தம் போடுகிறது, லூஸ் என்று நினைத்து இழுக்கிறார்கள், இழுக்க இழுக்கச் செயினும் பல்லும் மட்டுமல்ல, கியர் பாக்ஸ் பேரிங், பின்சக்கர பேரிங் எல்லாமே அடிவாங்கும். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் மொத்தம் 25 முதல் 35 மி.மீ. ஆட வேண்டும், பல வண்டிகளுக்கு இதுதான். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருக்கும். நீங்கள் உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகும், அந்த ஆட்டம் அதற்காகத்தான். லூஸ் அதிகமாகிவிட்டது, ஒரு லிங்க் வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வெட்ட வேண்டிய அளவுக்கு நீண்ட செயின் மாற்ற வேண்டிய செயின்.

ஷோரூம் சர்வீஸில் விட்டால் எல்லாம் செய்துவிடுவார்கள் என்றும் நம்பாதீர்கள். பில்லில் ‘செயின் கிளீனிங், லூப்’ என்று தனி வரியாகக் காசு ஏறும், ஜிஎஸ்டியும் ஏறும். விடுவதற்கு முன் ஒரு கண்ணியின் உள்பக்கம், அழுக்கின் மேலேயே, சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கொடுங்கள். திரும்பி வரும்போது கோட்டின் மேல் ஸ்ப்ரே மட்டும் பளபளத்தால், பிரஷ் படவே இல்லை. அங்கேயே காட்டி, பில்லில் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். இதைப் பத்துப் பேர் கேட்டால்தான் பதினோராவது ஆளுக்கு வேலை நடக்கும்.

என்றைக்காவது நிஜமாகவே மாற்ற வேண்டி வந்தால், செயின், முன் பல், பின் பல் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். “நானே வாங்கிட்டு வரேன், உனக்கு எதுக்கு அலைச்சல்” என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஸ்பேர் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கு நீங்களே போய், சீல் உடைக்காத பெட்டி, எம்.ஆர்.பி., பில் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். கூடவே வந்து கடை காட்டும் ஆளுக்கும் கடையில் கமிஷன் இருக்கலாம். மாற்றிய பிறகு பழைய செட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேயாத செட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, அடுத்த வண்டிக்குப் புதுசு என்று மாட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்பாவின் வண்டிக்கு வருகிறேன். அதில் செயின் முழுக்கத் தகரக் கவருக்குள் ஓடுகிறது. மண்ணும் சாம்பலும் உள்ளே அதிகம் போவதில்லை, விட்ட ஆயிலும் வெளியே தெறிப்பதில்லை. 500 கிலோமீட்டர் கணக்கு அந்த வண்டிக்கு அப்படியே பொருந்தாது. இதை நம்பித்தான் பல பேர் வருஷக்கணக்கில் திறந்தே பார்ப்பதில்லை. ஆனால் அதில் இருப்பது ரப்பர் வளையம் இல்லாத சாதாரணச் செயின், அந்த இரும்புப் பின்னைச் சுற்றி கிரீஸைப் பூட்டி வைக்க எதுவும் கிடையாது. வெளியிலிருந்து விடும் ஆயில்தான் உள்ளே இறங்க வேண்டும். சத்தம் வரவில்லை என்பதும் நம்பக்கூடியதில்லை, கவர் சத்தத்தை அடக்கிவிடும். செயின் ரொம்ப லூஸாகிக் கவரில் டக்டக்கென்று அடிக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியும், அதற்குள் பாதி ஆயுள் போயிருக்கும். வெள்ளத் தண்ணீர் ஏறினால் இன்னும் மோசம், அந்தக் கவரே சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, விரலை விட்டுச் செயினின் ஆட்டத்தைப் பாருங்கள். அதே ஓட்டை வழியாகச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கவரைக் கழற்றச் சொல்லுங்கள், சொல்லாமல் யாரும் கழற்ற மாட்டார்கள், நாலு போல்ட் அதிக வேலை. இந்தச் செயினைத் தனியாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைக்கலாம், உங்கள் ஓ ரிங் செயினுக்கு அது கூடவே கூடாது. திரும்ப மாட்டும்போது, செயினின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பூட்டும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஸ்டைலுக்காகக் கவரைக் கழற்றிப்போடும் யோசனை உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். அம்மா பின்னால் உட்காரும்போது சேலை முந்தானைக்கும் அதுதான் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் அந்த ரப்பர் மூடியை மறக்காமல் அழுத்திப் போடுங்கள். தொலைந்திருந்தால் ஸ்பேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அந்த ஓட்டையைத் திறந்து விட்டால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே போகும்.