ஆரியங்காவு இறக்கத்தில் டியூப் வெடிப்பு, செயின் கழலல்

அண்ணாச்சி, மடக்கு டேண்டத்துல (ரெண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற மடக்கு சைக்கிள்) ஆரியங்காவு தாண்டி தென்மலைக்கு இறங்கும்போது பின் டியூப் வெடிச்சதுக்கு டயரைக் குறை சொல்லாதீங்க. ரெண்டு பேர், சாமான், சைக்கிள் சேர்ந்தா 170 கிலோ பக்கம் வரும். 20 இஞ்ச் ரிம் சின்னது, சீக்கிரம் சூடாகும். ரிம் பிரேக்கை விடாம பிடிச்சா சூடு ஆறாது, காத்தழுத்தம் ஏறி டியூப் போயிடும். முன்னும் பின்னும் மாத்தி மாத்தி அழுத்தி விடுங்க, நடுவுல நிறுத்தி ஆறவிடுங்க. ரிம்மைத் தொட்டுப் பாக்காதீங்க, சுட்டுடும். ஃபிரேம் தாங்கும்னா பின்னாடி பெரிய டிஸ்க் பிரேக் போடுறதுதான் சரியான வழி.

செயின் கழலுதுன்னு கேட்டீங்களே, முன்னாடி பின்னாடி உக்கார்றவங்க பெடல்களை இணைக்கிற அந்தச் செயின் கழலுறது தொய்வால. கிராங்கை (பெடல் மாட்டுற தண்டு) சுத்தி, ரொம்ப இறுக்கமா இருக்கிற இடத்துல பாருங்க: மேலும் கீழுமா 1 செ.மீ. ஆடலாம். கூடுதலா ஆடினா முன் கிராங்கு எக்சென்ட்ரிக்கை (கிராங்கு அச்சை முன்பின் நகர்த்துற உருளை) திருப்பி இறுக்குங்க. விறைப்பா வச்சா பேரிங் தேயும்.