செம்பனை ஓரத்து வீட்டில் கம்பத்துக் கோழிகள் இரவில் காணாமல் போகின்றன. எப்படிக் காப்பாற்றுவது?

நீங்கள் சொன்னபடி: சுங்கை சிப்புட் பக்கம் வீடு, பின்வேலியை ஒட்டிச் செம்பனை, பகலில் திறந்துவிட்ட 14 கோழியில் இப்போது 9தான் மிச்சம், போனதெல்லாம் இரவில், கூண்டுக்கு அடித்திருப்பது கோழிவலை.

எது பிடிக்கிறது என்பதைத் தடயம் சொல்லிவிடும். சத்தமே இல்லாமல் முழுக்கோழி மறைந்தால் பெரும்பாலும் மலைப்பாம்பு. சில நாள் காலையில் அது கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும்; நுழைந்த ஓட்டை விழுங்கிய வயிற்றுக்குப் போதாது. கழுத்து கடிபட்டு உடல் கிடந்தால் மூசாங் என்கிற மரநாய். நாலைந்து செத்து, தின்னாமல் சிதறிக் கிடந்தால் தெருநாய். பகலில் முட்டையும் குஞ்சும் போனால் உடும்பைத் தேடுங்கள்.

கோழிவலை என்று விற்கும் ஆறுகோண வலை கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும். நாய் கடித்துக் கிழித்துவிடும், எலியும் சிறிய பாம்பும் வலையின் கண் வழியாகவே வந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, வெல்ட் அடித்த கம்பிவலை வாங்குங்கள். ஸ்டேப்பிளை மட்டும் நம்ப வேண்டாம். நம்மூர் மழையில் பலகை ஊறியதும் கையால் இழுத்தாலே வந்துவிடும். வலையின் ஓரத்தை மெல்லிய மரச்சட்டத்தால் அழுத்தி, அரை அடிக்கு ஒரு ஸ்குரூ முடுக்குங்கள்.

பலரும் கோட்டைவிடுவது கூரையில். அலைத் தகரம் சட்டத்தின் மேல் உட்காரும் இடத்தைக் கீழிருந்து பாருங்கள். ஒவ்வொரு அலைக்கு அடியிலும் அரைவட்டமாக ஒரு சந்து இருக்கும். எலி நுழைய அது போதும். தகரம் சற்றுத் தூக்கியிருந்தால் பாம்பும் வரும். மிஞ்சிய கம்பிவலையைச் சுருட்டி அங்கே திணித்து, ஆணி அடித்து வையுங்கள். காற்றுக்காக மேலே விட்ட திறப்பை அடைக்காதீர்கள், இந்த வெக்கையில் கோழி தாங்காது. அதற்கும் அதே வலைதான். கூரைமேல் தொங்கும் ரம்புத்தான் கிளை மூசாங்குக்குப் பாலம். 6 அடி இடைவெளி வரும்வரை வெட்டுங்கள்.

கூண்டைத் தரையிலிருந்து 2 அடி உயர்த்தினால் அடியில் பதுங்குவது கண்ணில் படும். தரையிலேயே இருந்தால், சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக 2 அடி அகலத்துக்கு வலையைப் படுக்கவைத்துக் கல் ஏற்றுங்கள். நாயும் உடும்பும் சுவரை ஒட்டித்தான் தோண்டும். நகம் வலையில் பட்டதும் விட்டுவிடும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையக்கூடாது.

இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, உட்கார்ந்த இடத்திலேயே பிடிபடும். அதனால் ஏழு மணிக்கெல்லாம் எண்ணிப் பார்த்து அடைத்துவிடுங்கள். ஒன்று குறைந்தால் மரத்தில் ஏறியிருக்கும். இறக்கிக் கொண்டுவந்து அடைக்காவிட்டால் மறுநாளும் அங்கேதான் ஏறும்.

பாம்பு பெரும்பாலும் முதலில் வருவது எலிக்காகத்தான். எலி வருவது, சிந்திக் கிடக்கும் தீனிக்காக. சாயங்காலம் மிச்சத்தைக் கூட்டி அள்ளி, தீனியை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். கந்தகத்தூள், உப்பு தூவுவது பாம்பைத் தடுக்காது. தோட்டத்தில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகை எலியைத்தான் தின்னும், தயவுசெய்து அதை விரட்டாதீர்கள்.

பகலில் குஞ்சுக்கு எமன் பருந்தும் காகமும். ஆறு வாரம்வரை மேல்பக்கமும் மூடிய கூண்டிலேயே வையுங்கள். வெட்டவெளியில் அங்கங்கே ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைத்தால் பெரிய கோழிகள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

விஷம், கண்ணி இரண்டும் வேண்டாம். பக்கத்து வீட்டு நாயும் பூனையும்தான் சாகும். மலைப்பாம்பும் உடும்பும் மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பாம்பு உள்ளே இருந்தால் கதவைச் சாத்திவிட்டு 999க்கு அழையுங்கள்.

வேலை முடிந்த இரவு, கோழியை அடைப்பதற்கு முன் கூண்டுக்குள் ஒரு டார்ச் லைட்டை ஏற்றி வைத்துவிட்டுச் சுற்றி வாருங்கள். வலையின் கண்ணைவிடப் பெரிதாக எங்கே வெளிச்சம் கசிகிறதோ, அந்த ஓட்டையை அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.